எனக்கு ஆட்டிசம் இருக்கிறது, நான் குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?

நீங்கள் கேட்டது ஒரே வரிதான்: "எனக்கு ஆட்டிசம் இருப்பதால் பிறக்கிற குழந்தைக்கும் வருமா, எத்தனை சதவீதம்?" அதற்குக் கீழே எழுதியிருந்த விவரங்களை நான் இரண்டு முறை படித்தேன். வயது 29. பெங்களூரில் வேலை பார்த்தபோது, 27 வயதில் ஆட்டிசம் என்று உறுதியானது. அதே வருடம் கல்யாணம். இப்போது திருமங்கலத்தில் மாமனார், மாமியாரோடு ஒரே வீடு. கணவருக்கு விஷயம் தெரியும், மாமியாருக்குத் தெரியாது. போன தீபாவளிக்கு நாத்தனார் கைக்குழந்தையோடு வந்திருந்தார். குழந்தை வீறிட்டு அழ, தெருவில் வெடிச் சத்தமும் சேர்ந்துகொள்ள, நீங்கள் மாடிக்கு ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டு காதைப் பொத்தி உட்கார்ந்துவிட்டீர்கள். "புள்ள அழுதா ஓடுறவ, பெத்து எப்படி வளப்பா?" என்று மாமியார் சொன்னது கீழேயிருந்து கேட்டது. அன்றிலிருந்து யாராவது "என்னத்தா, விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்டால் கை நடுங்குகிறது என்கிறீர்கள். அதனால் சதவீதத்தை நீங்கள் முன்னால் வைத்திருந்தாலும், பின்னால் நிற்கிற கேள்வி வேறு: நான் அம்மாவாக லாயக்கானவள்தானா? சதவீதத்தையும் சொல்கிறேன். அதிக இடத்தை இரண்டாவது கேள்விக்கு வைத்துக்கொள்கிறேன்.

மதுரையில் 20 வருடங்களுக்கு மேலாகக் குழந்தைகளுக்கான உளவியலாளராக இருக்கிறேன். மேலூர், உசிலம்பட்டி, அருப்புக்கோட்டை, மானாமதுரை என்று சுற்றுவட்டாரத்திலிருந்து பஸ் ஏறி வருகிற குடும்பங்கள்தான் என்னிடம் அதிகம். ஆட்டிசம் உள்ள பெரியவர்களை நான் தேடிப் போனதில்லை. தங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அவர்களாகவே வந்தார்கள். நான் மரபியல் மருத்துவரோ மகப்பேறு மருத்துவரோ இல்லை. எனக்கு ஆட்டிசமும் இல்லை. குக்கர் விசில் உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதை நீங்கள்தான் எனக்குச் சொல்ல முடியும். நான் எழுதுவது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததையும், படித்துத் தெரிந்துகொண்டதையும்.

ஒரு அப்பாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன் (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவர். நாலு வயசுப் பையனோடு வந்தார். பையன் பொம்மைக் காரை ஓட்டாமல் சக்கரத்தையே சுற்றிக்கொண்டிருக்கிறான், சட்டைக் காலரில் இருக்கிற லேபிள் உரசினால் அழுகிறான், சாம்பாரும் சோறும் கலந்துவிட்டால் தொடமாட்டேன் என்கிறான் என்று அம்மா ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, "அது நானும் அப்படித்தான் மேடம்" என்றார் அவர். மூன்றாவது முறை அதைச் சொல்லும்போது குரல் மாறிவிட்டது. சித்திரைத் திருவிழா நேரத்துக் கூட்டத்தில் நின்று வியாபாரம் பார்க்க முடியாமல்தான், சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று கணக்குப் பக்கம் மாறிக்கொண்டாராம். அந்த வீட்டில் அந்தப் பையனை முதலில் புரிந்துகொண்டவர் அவர்தான். புதுச் சட்டை வாங்கினால் லேபிளைக் கத்தரித்து எடுத்துவிட்டுத்தான் பையனுக்குப் போட்டுவிடுவார். யாரும் அவருக்கு அதைச் சொல்லித் தரவில்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஆட்டிசம் உள்ளவர்கள் பிள்ளை பெறலாமா என்று நாம் இப்போதுதான் யோசிக்க ஆரம்பித்திருப்பதுபோல ஒரு எண்ணம் இருக்கிறது. பெயர் தெரியாமலே எத்தனையோ தலைமுறையாக அவர்கள் பிள்ளை பெற்று வளர்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இனி சதவீதம். உறுதியானதை முதலில் சொல்கிறேன். ஆட்டிசத்தில் மரபணுவின் பங்கு மிகப் பெரியது. டென்மார்க், பின்லாந்து, ஸ்வீடன், இஸ்ரேல், மேற்கு ஆஸ்திரேலியா ஆகிய ஐந்து இடங்களில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை வைத்து 2019-ல் வெளிவந்த ஆய்வு, அந்தப் பங்கைச் சுமார் 80 சதவீதம் என்று கணக்கிட்டது. இந்த எண்ணைப் பார்த்துவிட்டு "என் குழந்தைக்கு வர 80 சதவீதம் வாய்ப்பு" என்று எடுத்துக்கொண்டு அழுத ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். அதன் பொருள் அது இல்லை. ஒரு மக்கள் கூட்டத்தில் ஆளுக்கு ஆள் காணப்படும் வேறுபாட்டில் எவ்வளவு பகுதியை மரபணு விளக்குகிறது என்பதே அந்த 80. உயரத்துக்கும் ஏறக்குறைய அதே எண்தான் சொல்லப்படுகிறது. ஆனாலும் குட்டையான அப்பா அம்மாவுக்கு நெடுநெடுவென்று பிள்ளை வளர்வதை நாம் பார்க்கத்தானே செய்கிறோம்.

உடன்பிறப்புகளைப் பற்றி ஓரளவு நல்ல கணக்கு உண்டு. ஒரு குழந்தைக்கு ஆட்டிசம் இருந்தால் அதற்கு அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கும் வருவதற்கான வாய்ப்பு ஐந்தில் ஒன்று என்ற அளவில் இருப்பதாக, குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்து தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் 2011-லும் 2024-லும் சொல்லின. தாய்க்கோ தந்தைக்கோ ஆட்டிசம் இருந்தால் எவ்வளவு என்று அதே உறுதியோடு சொல்லும் எண் எங்கள் துறையில் இன்னும் இல்லை. காரணம் எளிது: உங்களுக்கு முந்தைய தலைமுறையில் அந்த ஜவுளிக்கடைக் கணக்கரைப் போன்றவர்கள் பெரும்பாலும் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. பொதுவாக நூறு குழந்தைகளில் ஒன்று என்பது உலக சுகாதார நிறுவனம் நெடுநாளாகச் சொல்லிவந்த தோராயம். உங்கள் குழந்தைக்கு அதைவிட வாய்ப்பு அதிகம், அதில் சந்தேகமில்லை. 'கட்டாயம் வரும்' என்பதற்கும் அதற்கும் வெகுதூரம். வந்தால் உங்களைப் போன்ற வகையில் வருமா, பேச்சே வராமல் எல்லாவற்றுக்கும் துணை தேவைப்படும் வகையில் வருமா என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. கர்ப்பத்தில் எடுக்கிற ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ ஆட்டிசத்தைக் காட்டாது. காட்டும் என்று யாராவது பேக்கேஜ் விற்றால் வாங்காதீர்கள்.

மருத்துவரிடம் போய்க் கேட்க வேண்டியவை இரண்டு மூன்று உண்டு. உங்கள் வீட்டிலோ கணவர் வீட்டிலோ வலிப்பு, அறிவுத்திறன் குறைபாடு, ஃப்ரஜைல் எக்ஸ் (பரம்பரையாக வரும் ஒரு மரபணுக் கோளாறு) போன்ற பெயர் சொல்லப்பட்ட நோய்கள் இருந்தால் மரபியல் ஆலோசனை பலன் தரும். அக்கா மகள், மாமன் மகள் என்று நெருங்கிய சொந்தத்தில் கட்டியிருந்தாலும் அதைச் சொல்லுங்கள்; அந்தத் திருமணங்களில் வேறு பல மரபணு நோய்களின் வாய்ப்பு கூடுகிறது. இன்னொன்று முக்கியம். வலிப்புக்கோ மனநிலை ஏற்ற இறக்கத்துக்கோ வால்ப்ரோயேட் என்ற மருந்து சாப்பிடுகிறீர்களா என்று பாருங்கள். கர்ப்பத்தில் அது குழந்தைக்கு உடல் குறைபாடுகளின் ஆபத்தையும் ஆட்டிசத்தின் வாய்ப்பையும் கூட்டுகிறது என்பது நன்கு நிறுவப்பட்ட விஷயம். அதற்காக நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள், அதுவும் ஆபத்து. கருத்தரிக்கும் முன்பே, எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் போய் மாற்று கேளுங்கள். ஃபோலிக் அமில மாத்திரையையும் அப்போதே ஆரம்பிக்கலாம்.

"வந்தால் என் தப்பா?" என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் என் முன்னால் உட்காருகிற எல்லா அம்மாக்களும் கேட்கிறார்கள். 1943-ல் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் இந்தப் பெயர் பரவியது. அதற்குப் பிந்தைய 20 வருடங்களுக்கு மேல், அம்மாவின் பாசக் குறைவுதான் காரணம் என்று மேலை நாடுகளில் படித்தவர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாக்களுக்குக் 'குளிர்சாதனப் பெட்டி அம்மா' என்று பெயரும் வைத்தார்கள். 1977-ல் இங்கிலாந்தில் 21 ஜோடி இரட்டைக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு மரபணுவின் பக்கம் கையைக் காட்டிய பிறகுதான் அந்தப் பேச்சு மெல்ல ஓய்ந்தது. நம் ஊரில் அது வேறு வாயில் நுழைந்துவிட்டது: கிரகணத்தில் வெளியே போனாள், கைப்பிள்ளைக்கு செல்போனைக் காட்டினாள், ஊசி போட்டதால் வந்தது. தடுப்பூசிக் கதையைக் கிளப்பிய 1998-ம் வருடத்துக் கட்டுரையை, வெளியிட்ட இதழே 2010-ல் திரும்பப் பெற்றுக்கொண்டது. நானும் ஒரு தவறு செய்திருக்கிறேன். ஆரம்ப வருடங்களில், முதல் சந்திப்பிலேயே "கர்ப்பமா இருந்தப்ப மனக்கவலை ஏதும் இருந்துச்சா?" என்று கேட்டு எழுதிக்கொள்வது என் வழக்கம். ஒரு அம்மா, "மாமியாரோட சண்டை போட்டு மூணு நாள் சாப்பிடாம இருந்தேன். அதனாலயா மேடம்?" என்றார். பிள்ளைக்கு அப்போது ஐந்து வயது. நான் கேட்ட நிமிடத்திலிருந்து அவர் அந்த மூன்று நாளைத் தலையில் சுமக்க ஆரம்பித்துவிட்டார். முதல் நாளில் அந்தக் கேள்வியைக் கேட்பதை அன்றோடு விட்டேன்.

ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் "குழந்தைக்கும் வந்துருமோ" என்று பயப்படும்போது நான் திருப்பி ஒன்று கேட்பேன்: என்ன வந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள்? அவர்கள் சொல்லும் பதிலில் ஆட்டிசம் இருக்காது, பள்ளிக்கூடம் இருக்கும். ஆறாம் வகுப்பில் நடையைப் பார்த்துச் சிரித்தவர்கள், கண்ணைப் பார்த்துப் பேசு என்று தாடையைப் பிடித்துத் திருப்பிய வாத்தியார், சொந்தக்காரர் கல்யாணத்தில் "இது ஒரு மாதிரி" என்று காது படப் பேசிய சித்தி. பிள்ளைக்கு வந்துவிடக் கூடாது என்று அவர்கள் கும்பிடுவது இவற்றைத்தான். இதில் மரபணு எதையும் கொடுக்கவில்லை. உங்கள் சிறுவயதில் வீட்டில் ஒருவருக்காவது விஷயம் புரிந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். உங்கள் பிள்ளைக்கு அப்படி ஒருவர் பிறந்த நாளிலிருந்தே வீட்டில் இருப்பார்.

அடுத்து அழுகை. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான், ஏனென்றால் இந்தப் பயத்துக்கு நிஜமான அடிப்படை இருக்கிறது. கைக்குழந்தையின் அழுகை காதருகே 100 டெசிபலை எட்டக்கூடியது. பிறந்து இரண்டு வாரத்திலிருந்து கூடி, ஆறாவது வாரத்தையொட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தணியும். ஆட்டிசம் உள்ள பலருக்கு இது வெறும் எரிச்சல் இல்லை, உடல் வலி. ஆனால் அழுகைக்கு ஒரு காலக்கணக்கு இருப்பதே ஒரு பிடிமானம். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற நுரை இயர்பிளக்கைப் போட்டுக்கொண்டு குழந்தையைத் தூக்கலாம். அழுகை கேட்கும், குத்தாது. அதைப் போட்டுக்கொண்டு பிள்ளையைத் தோளில் சாய்த்துத் தட்டிக்கொடுக்கும் அம்மா, போடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும் அம்மாவைவிட நிதானமாக இருப்பார். தாங்கவே முடியாத நேரம் வந்தால், சுற்றிலும் தலையணை, துணிமணி எதுவும் இல்லாத இடத்தில் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு, அடுத்த அறைக்குப் போய் ஐந்து நிமிடம் மூச்சு விட்டுவிட்டு வாருங்கள். ஐந்து நிமிடம் அழுவதால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. எல்லை மீறிய கோபத்தில் பிடித்துக் குலுக்கினால் மூளையில் ரத்தம் கசியக்கூடும். ஆகவே தாங்காதபோது விலகிப் போகத் தெரிந்தவர் என்பது உங்களுக்கு எதிரான சாட்சியம் ஆகாது. தீபாவளியன்று மாடிக்குப் போனீர்களே, அது நீங்கள் ஏற்கெனவே கற்றுவைத்திருக்கிற பாதுகாப்பு முறை. அன்று குழந்தை உங்கள் பொறுப்பில் இல்லை, அதன் அம்மா பக்கத்திலேயே இருந்தார். யாரையும் நீங்கள் கைவிட்டுப் போகவில்லை.

எந்த அழுகை எதற்கு என்று தெரியாதே என்று பயந்த ஒரு அம்மாவும் என்னிடம் இருந்தார். அவருக்கு வந்த வழி அவருக்கே உரியது. நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கோடு போட்டு, அழுத நேரம், கடைசியாகப் பால் குடித்த நேரம், தூங்கிய நேரம், என்ன செய்ததும் நின்றது என்று எழுதினார். மூன்று வாரத்தில் மாலை ஐந்தரை அழுகை பசி இல்லை, தூக்கம் என்று கண்டுபிடித்துவிட்டார். "புள்ள வளக்க நோட்டாடி?" என்று வீட்டு அப்பத்தா கேட்டாராம். அடுத்த மாதம் குழந்தைக்குக் காய்ச்சல் வந்து டாக்டரிடம் போனபோது, அதே அப்பத்தாதான் "நோட்ட எடுத்துக்க, எப்ப எப்ப பால் குடிச்சான்னு கேப்பாக" என்று ஞாபகப்படுத்தியிருக்கிறார்.

கூட்டுக் குடும்பம் இதில் இரண்டு பக்கமும் வெட்டும். வெளிநாட்டில் ஆட்டிசம் உள்ள அம்மாக்கள் எழுதுவதைப் படித்தால், நாள் முழுக்க குழந்தையோடு தனியாக அடைந்து கிடப்பதே பெரிய பாரமாகத் தெரிகிறது. உங்களுக்கு அந்தப் பிரச்சினை வராது; தூக்கி வைத்துக்கொள்ள நாலு கை இருக்கும். பதிலாக, பிள்ளை பார்க்க வருகிற கூட்டம், சாம்பிராணிப் புகை, ஆளாளுக்குச் சொல்லும் பத்தியம், கதவு இல்லாத நடுக்கூடம், பிறகு மொட்டை, காதுகுத்து, ரேடியோ செட்டு, கிடா விருந்து. இதில் எதற்கு ஒத்துக்கொள்வது என்று பிள்ளை பிறக்கும் முன்பே நீங்களும் கணவரும் பேசி வையுங்கள். ஒரு குடும்பம் குலதெய்வம் கோயிலில் திருவிழா இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பதினைந்து பேரோடு போய், தாய்மாமன் மடியில் உட்கார வைத்து மொட்டை போட்டுக் காது குத்தி, பதினோரு மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிட்டது. சடங்கில் ஒரு குறையும் இல்லை. மண்டபமும் ஒலிபெருக்கியும்தான் இல்லை. பிள்ளை பார்க்க வருகிறவர்களுக்குச் சாயங்காலம் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் ஒரு அறையை, சிறியதாக இருந்தாலும், கதவு சாத்தினால் யாரும் தட்டக் கூடாத அறையாக ஆக்குங்கள். இவற்றைச் செய்ய உங்கள் கணவர்தான் முன்னால் நிற்க வேண்டும், நீங்கள் இல்லை.

பாசம் காட்டத் தெரியாதவர்கள் என்ற பழி ஒன்று உண்டு. முகத்தில் தெரியாததை உள்ளேயும் இல்லை என்று நினைப்பதால் வந்த பழி அது. தமிழில் அரசு ஆவணங்களில் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று ஒரு பெயர் புழங்குகிறது. எனக்கு அந்தப் பெயரில் உடன்பாடே இல்லை. புற உலகம் அளவுக்கு மீறி உள்ளே வந்துவிடுகிறவர்களுக்கு வைக்கிற பெயரா அது? ஆட்டிசம் உள்ள டேமியன் மில்ட்டன் என்ற ஆய்வாளர் 2012-ல் ஒரு கருத்தை முன்வைத்தார்: ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இடையே புரிதல் தடைபடுவது இரு தரப்புக்கும் பொதுவான சிக்கல், ஒரு தரப்பின் குறை இல்லை என்று. என் அறையில் நான் அதைத் தினமும் பார்க்கிறேன். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில் ஆட்டிசம் உள்ள 355 அம்மாக்களும் இல்லாத 132 அம்மாக்களும் கலந்துகொண்டார்கள். ஆட்டிசம் உள்ள அம்மாக்களுக்கு மனச்சோர்வு அதிகம், வீட்டு வேலைகளை ஒரே நேரத்தில் சமாளிப்பது கடினம், டாக்டர்கள், ஆசிரியர்களிடம் பேசுவது கடினம், தனிமை அதிகம் என்று வந்தது. பிள்ளையின் தேவையைத் தன் தேவைக்கு முன்னால் வைப்பதிலும், பிள்ளையின் தன்னம்பிக்கையை வளர்க்க முயல்வதிலும் அவர்கள் குறைந்தவர்களாக இல்லை. இணையத்தில் தாமாக முன்வந்து பதில் சொன்னவர்களின் ஆய்வு என்பதால் எல்லா அம்மாக்களுக்கும் பொருத்திவிட முடியாது. ஆனாலும் கஷ்டங்களின் பட்டியலைக் கவனியுங்கள்: பாசம் அதில் இல்லை. எல்லாம் உதவி கிடைத்தால் குறையக்கூடியவை.

பிரசவத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஆட்டிசம் உள்ள பலருக்கு வலி, பசி, சிறுநீர் முட்டுவது போன்ற உடலின் உள்செய்திகள் தாமதமாகத்தான் புரியும், அல்லது வலி முகத்தில் தெரியாது. பிரசவ அறையில், கத்தாதவளுக்கு வலி வரவில்லை என்று நினைத்துவிடுவார்கள். அதனால் ஒரு தாளில் நாலு வரி எழுதி, முதல் மாதப் பரிசோதனையிலேயே டாக்டரிடம் கொடுத்துக் கேஸ் ஷீட்டோடு வைக்கச் சொல்லுங்கள்: எனக்கு வலி முகத்தில் தெரியாது, எண்ணில் சொல்கிறேன், தொடும் முன் சொல்லிவிட்டுத் தொடுங்கள், பல பேர் ஒரே நேரத்தில் பேசினால் எனக்குப் பதில் வராது, என்னோடு இருக்கும் துணையிடம் கேளுங்கள். அரசு ஆஸ்பத்திரிப் பிரசவ அறையிலும் பெண் துணை ஒருவர் உடனிருக்கலாம். அந்தத் துணை உங்களைப் பேச்சில்லாத நேரத்திலும் படிக்கத் தெரிந்தவராக இருக்கட்டும், அம்மாவோ அக்காவோ. பால் கொடுக்கும்போது தொடு உணர்ச்சி தாங்க முடியாமல் போகிறவர்களும் உண்டு. அவர்கள் எடுத்துவைத்துப் புகட்டலாம். அது பாசக் குறைவு என்று யாரும் சொல்ல விடாதீர்கள்.

மனச்சோர்வைத் தனியாகச் சொல்ல வேண்டும். மேலே சொன்ன ஆய்வு மட்டும் இல்லை, என் அனுபவமும் அதையேதான் சொல்கிறது. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டுபிடிக்க எடின்பரோ கேள்வித்தாள் என்று பத்துக் கேள்விகள் கொண்ட ஒன்று தமிழிலும் இருக்கிறது. ஆறாவது வாரம் அதை உங்களுக்குப் போடச் சொல்லிக் கேளுங்கள். ஆட்டிசம் உள்ள பெண் சோகமாகத் தெரியாமல் போகலாம், வழக்கத்தைவிட அமைதியாகத் தெரியலாம், அவ்வளவுதான். வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ராத்திரி யாரிடமாவது பேசியே ஆக வேண்டும் என்றால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம்.

கடினமான பக்கத்தை மறைத்தால் இந்தப் பதில் நேர்மையாக இருக்காது. உங்கள் பிள்ளைக்கும் ஆட்டிசம் இருந்து, அந்தப் பிள்ளை நாள் முழுக்க ஓயாமல் கத்துகிற, மோதுகிற, தூங்காத பிள்ளையாக இருந்தால், உங்கள் காதின் தேவையும் பிள்ளையின் தேவையும் நேருக்கு நேர் மோதும். அப்படி ஒரு வீட்டை எனக்குத் தெரியும். அம்மா பிள்ளையை உயிராகப் பார்த்துக்கொண்டார், அதே நேரம் மூன்று வருடத்தில் நொறுங்கிப் போனார். அங்கே குறையாக இருந்தது பாசம் இல்லை, மாற்றிவிட இன்னொரு ஆள். பகலில் நான்கு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் கிடைத்த பிறகுதான் அவர் மீண்டார். எனவே பெற்றுக்கொள்வதா என்று முடிவு செய்யும்போது வாய்ப்புச் சதவீதத்தைவிட இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: முதல் ஐந்து வருடம் யார் யார் எத்தனை மணி நேரம் கை கொடுப்பார்கள், பெயரோடு. பிள்ளை ஒன்றேகால் வயதிலும் விரலை நீட்டிக் காட்டவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால், "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்" என்கிற பேச்சைக் கேட்டுக் காத்திருக்க வேண்டாம். மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் இலவசமாகவே பார்ப்பார்கள். அந்த அறிகுறிகளை மற்ற அம்மாக்களைவிட நீங்கள் சீக்கிரம் கவனிப்பீர்கள் என்றே நினைக்கிறேன். ஒரே ஒரு ஆபத்து, "நானும் அப்படித்தான் இருந்தேன், பரவாயில்லை" என்று விட்டுவிடுவது.

கணக்குப் போட்டுப் பார்த்து வேண்டாம் என்ற முடிவுக்கு வந்தால் அதுவும் சரியான முடிவுதான். அது உங்கள் விருப்பத்திலிருந்து வந்ததா, மாடிப்படிக்குக் கீழே கேட்ட அந்த ஒரு வாக்கியத்திலிருந்து வந்ததா என்று மட்டும் பிரித்துப் பாருங்கள். சட்டப்படி இது உங்கள் உரிமை. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் உள்ளடக்கியது. அதன் 10-ம் பிரிவு, குழந்தைப்பேறு, குடும்பக் கட்டுப்பாடு பற்றிய தகவல் உங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்றும், உங்கள் சம்மதமில்லாமல் குழந்தை பிறக்காமல் செய்யும் எந்தச் சிகிச்சையும் செய்யக் கூடாது என்றும் சொல்கிறது. விஷயம் வெளியே தெரிந்தால் விவாகரத்து, பிள்ளையைப் பிரிப்பது என்று போய்விடுமோ என்ற பயம் இருந்தால் அதற்கு நான் பதில் சொல்வது சரியாக இருக்காது; மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவசமாக வழக்கறிஞர் ஆலோசனை கிடைக்கும்.

மாமியாரிடம் சொல்வதா? இப்போதே பெயரைச் சொல்ல வேண்டும் என்று இல்லை. தேவையைச் சொல்லுங்கள். "அயித்த, சத்தம் எனக்குத் தலைக்குள்ள ஊசி குத்துற மாதிரி இருக்கும். சின்னப் பிள்ளையிலருந்தே அப்படித்தான். அன்னைக்கு மேல போனது அதுக்குத்தான், பிள்ள மேல வெறுப்பு இல்ல." இதைச் சொல்லிவிட்டு என்ன நடக்கிறது என்று பாருங்கள். திருமங்கலத்து மாமியாருக்கு ஆட்டிசம் என்ற சொல் எதையும் விளக்காது, ஊசி விளக்கும். அவர் அதை எப்படி வாங்கிக்கொள்கிறார் என்பதை வைத்து அடுத்த வார்த்தையைச் சொல்லலாமா என்று நீங்களே முடிவு செய்யலாம்.

கடைசியாக உங்கள் கணவருக்கு. "நீ என்ன முடிவெடுத்தாலும் எனக்குச் சரி" என்று அவர் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். அன்பாகச் சொன்னதுதான், ஆனால் மொத்தப் பாரத்தையும் உங்கள் தலையில் இறக்கி வைக்கிற பேச்சு அது. இந்தப் பதிலை அவரிடம் காட்டுங்கள். நாத்தனார் அடுத்த முறை குழந்தையோடு வரும்போது, அழுகிற பிள்ளையை வாங்கித் தோளில் போட்டு நடந்து தூங்க வைக்க அவர் பழகட்டும், பால் புகட்டவும் துணி மாற்றவும் பழகட்டும், அவருடைய அம்மா பார்க்கும்படி. ராத்திரி பத்திலிருந்து இரண்டு வரை அவர் முறை, இரண்டிலிருந்து காலை வரை உங்கள் முறை என்று பிரித்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். அவர் என்ன பதில் சொன்னார் என்பதையும், நீங்கள் இப்போது எடுத்துக்கொள்ளும் மாத்திரைகளின் பெயரையும் எழுதினால், மீதியை அதிலிருந்து பேசலாம்.